கம்பம்மெட்டுச் சாலையில் ஒரு வளைவைத் தேடி

பொய் சொன்னது இங்கிலாந்தில். அதற்குச் சாட்சி தேடிப் போனது கம்பத்துக்கு. நடுவில் இரண்டு வாரம் கோயம்புத்தூரில் என் வீட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் நிலா அங்கே மேல்படிப்பு முடித்துப் பட்டம் வாங்கினாள். விழா முடிந்த மறுநாள், ஊர் சுற்றிக் காட்டும் ஒரு கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள். கோட்டை, அரண்மனை என்று காட்டுவார்கள், கால் வலிக்கும் என்று அலுத்துக்கொண்டே போனேன். அவர்கள் காட்டியது வேறு. அந்த ஊரில் எதையாவது முதன்முதலாகச் செய்த பெண்களின் இடங்கள். முதல் பெண் மருத்துவர் வைத்தியம் பார்த்த வீடு, ஓட்டுரிமை கேட்டுச் சிறைக்குப் போனவள் நின்று பேசிய முக்கு, போர்க்காலத்தில் முதன்முதலாக டிராம் ஓட்டியவள் குடியிருந்த மாடி. ஒவ்வொரு சுவரிலும் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமாக ஒரு பலகை, அதில் பெயர். தூறல் நிற்கவேயில்லை. சிவப்புக் குடை பிடித்து முன்னால் போன வழிகாட்டி அம்மாளுக்கு எழுபது வயதாவது இருக்கும். என்னைவிட வேகமாக நடந்தார்.

டிராம்காரி வீட்டு வாசலில், கூட்டம் நகர்ந்த பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன். நிலா, "என்னம்மா, குளிரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

கடைசியில் ஒரு டீக்கடையில் உட்கார வைத்தார்கள். ரொட்டியும் இல்லாமல் கேக்கும் இல்லாமல் ஏதோ ஒன்று, நெஞ்சில் நின்றது. வழிகாட்டி அம்மாள் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "உங்கள் ஊரில் அப்படி யார்? அவருக்கு அங்கே என்ன இடம்?" இத்தாலிக்காரி ஒரு நாற்சந்தியைச் சொன்னாள். கொரியப் பெண் ஒரு கடற்கரையைச் சொன்னாள். என் முறை வந்தது.

"எங்கள் ஊரில் ஒரு மலைச் சாலை இருக்கிறது. அதில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு என் தோழியின் பெயர். செல்லத்தாய் வளைவு. அந்தச் சாலையில் முதன்முதலாக ஜீப் ஓட்டிய பெண் அவள்."

ஜீப் ஓட்டினாள் என்பது நிஜம். வளைவு அந்த நிமிடம் என் வாயில் பிறந்தது. அந்த அம்மாள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, படம் எடுத்து அனுப்பச் சொன்னார். தன் அறையில் உலக வரைபடம் மாட்டி, வருகிறவர்கள் அனுப்பும் படங்களை அந்தந்த ஊரில் குத்தி வைக்கிறாராம். இந்தியாவில் இன்னும் ஒன்றுமில்லையாம்.

திரும்பி நடக்கும்போது நிலா கேட்டாள்: "யாரும்மா செல்லத்தாய்? இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நீ அந்தப் பேரைச் சொன்னதில்லையே."

முதல் நாள் தேனியில் இறங்கினேன். இங்கிலாந்தில் பன்னிரண்டு நாள் ரொட்டி தின்ற நாக்கு இன்னும் ஆறவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த கடையில் பரோட்டாவும் சுக்காவும் சொல்லிவிட்டு, பரிமாறுகிறவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஊருக்குப் புதுசா?" என்றார். கோம்பையில் பிறந்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சால்னா வந்துவிட்டது.

தேனியில் எனக்கு ஒரே ஓர் இடம்தான் பார்க்க வேண்டியிருந்தது. லைசென்ஸ் கொடுக்கும் இடம். எந்தச் சுற்றுலாக்காரரும் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்க்கிற இடமில்லை. வெறும் மண் தரை, ஒரு வேப்பமரம், நடுவில் சுண்ணாம்பில் வரைந்த எட்டு. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் நானும் செல்லத்தாயும் வந்திருக்க வேண்டிய இடம். அவள் வந்தாள். நான் வரவில்லை.

மரத்தடியில் ஒரு அம்மா, மகளின் பையை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். மகள் ஸ்கூட்டியில் எட்டுப் போட வரிசையில் நின்றாள்.

"மூணாவது தடவையா வந்திருக்கா. போன தடவ வளைவுல கால ஊனிட்டா," என்றார் அந்த அம்மா. "நீங்க யாரக் கூட்டிட்டு வந்தீக?"

"யாரையும் இல்லம்மா. நான்தான் லேட்டா வந்திருக்கேன்."

அவருக்குப் புரியவில்லை. அதற்குள் அவர் மகளின் முறை வந்துவிட்டது. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு முதல் வட்டத்தைச் சுற்றினாள், இரண்டாவதைச் சுற்றினாள், காலை ஊன்றவில்லை. அம்மா பையைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து அல்ல, பையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்ற அந்த அம்மாவைப் பார்த்து. நான் அந்த வேலையைக்கூடச் செய்யவில்லை.

இரண்டாம் நாள் கோம்பை. அண்ணன் வீட்டில் புதிதாக ஒரு நாய் வளர்க்கிறார்கள், எங்கள் ஊர் ஜாதி, செம்மண் நிறம், கறுத்த மூஞ்சி. என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டது. மதினி வந்து, "நம்ம வீட்டுப் பொண்ணுதேன், விடு," என்று அதட்டிய பிறகும் அது நம்பவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று இந்த ஊருக்குப் பதினைந்து தடவையாவது வந்திருப்பேன். எல்லாத் தடவையும் காரில் வந்து காரில் போனேன். செல்லத்தாய் ஓட்டுகிற ஜீப் நிற்கும் கம்பம் ஸ்டாண்ட் பக்கம் ஒரு தடவையும் போகவில்லை. அதை யாரும் கேட்டதில்லை. நாயாவது குரைத்ததே என்றிருந்தது.

இட்லியும் குடல் குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் கண்மாய்க்கு நடந்தேன். தண்ணீர் இல்லை, அந்தக் காலம் மாதிரியே. இங்கேதான் நாங்கள் ஜீப் ஓட்டப் பழகினோம்.

அது என் அப்பாவின் ஜீப். காய்கறி மூட்டை ஏற்றிச் சந்தைக்குப் போவார். மத்தியானம் அவர் தூங்கும் நேரம் சாவி எங்கள் கையில். செல்லத்தாய் பக்கத்துத் தெரு; அவள் அப்பா எங்கள் தோட்டத்தை ஒட்டி மொச்சையும் நிலக்கடலையும் போட்டிருந்தார். அவளுக்குக் கால் எட்டியது, தைரியமும் இருந்தது, ஸ்டியரிங் அவளிடம். அந்த வண்டிக்கு பிரேக் சரியில்லை. கரை மேட்டில் ஏறும்போது வண்டி நின்றுவிட்டால், பக்கத்தில் இருப்பவள் குனிந்து ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். அது என் வேலை. அவள் கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்து, "விடு மலரு" என்று சொன்ன பிறகுதான் நான் கையை எடுப்பேன். என் பெயர் மலர்விழி. மலரு என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டினோம். வேறு மாதிரி ஓட்டலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு இரண்டு பேருக்கும் ஒரே நாள் கிடைத்தது. கோம்பையில் இருந்து காலை முதல் பஸ். அவள் முன்னாலேயே போய் ஜன்னல் வழியாக மஞ்சப் பையைப் போட்டு எனக்கு இடம் பிடிப்பாள். பள்ளிக்கூடம் போன காலத்தில் இருந்து எங்களுக்கு அதுதான் வழக்கம். அன்று காலை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா பட்டுச்சேலையை எடுத்து வெளியே வைத்தார். என்னை யாரும் கட்டிப் போடவில்லை, கதவைப் பூட்டவில்லை. மாப்பிள்ளை கோயம்புத்தூரில் வேலை என்று கேட்டதும் எனக்கே ஆசை வந்துவிட்டது. காப்பி டம்ளரைத் தூக்கிக்கொண்டு நானேதான் போனேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அதற்கப்புறம் அவள் முகத்தில் விழிக்கவும் இல்லை.

கட்டியவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மனிதர். ஆனால் இன்றுவரை எனக்கு லைசென்ஸ் இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்து போகும்போது, மேடு வந்தால் என் கை தானாகக் கீழே குனிந்து எதையோ தேடும். அவர் பலமுறை கேட்டிருக்கிறார், என்ன விழுந்துவிட்டது என்று.

செல்லத்தாய் கல்யாணம் கட்டிப் போனது காமயகவுண்டன்பட்டிக்கு. மத்தியானம் கம்பம் போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தேன். பெண்களுக்கு இப்போது டவுன் பஸ்ஸில் காசு கிடையாது, கண்டக்டர் சும்மா ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். லண்டனில் நாலு நிறுத்தம் போனதற்குக் கொடுத்த காசை நினைத்து வயிறு எரிந்தவள் நான். ஆனால் லண்டன் பஸ் பாதி வழியில் நின்றதில்லை. இது நின்றது. என்ஜினிலிருந்து புகை வந்ததும் டிரைவர் இறங்கி, யாரோ கோபித்துக்கொண்ட விருந்தாளியைப் பார்ப்பது போல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆறட்டும்," என்றார். பாதிப் பேர் நடக்க ஆரம்பித்தார்கள். நானும் நடந்தேன்.

இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். தலைக்கு மேலே இலை, இலைக்குக் கீழே கொத்துக் கொத்தாகப் பன்னீர் திராட்சை. பந்தலுக்குள்ளிருந்து பெண்கள் பேசுகிற சத்தம் வந்தது, ஆளைக் காணவில்லை. கூட நடந்தவர் தலையில் கத்தரிக்காய்க் கூடை. "டீச்சரம்மா ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டா வேற பஸ்சு வரும் ஆத்தா," என்றார்.

"டீச்சரம்மான்னா யாரு?"

"இந்தப் பக்கம் முத முத வந்த பொம்பள டீச்சராம். எங்க அம்மா காலம். குடையப் பிடிச்சுக்கிட்டு இங்கன நிப்பாகளாம். அவுகளுக்காகத்தேன் பஸ்சே இங்கன நிக்க ஆரம்பிச்சுச்சு."

"அவங்க பேரு?"

அவர் யோசித்துப் பார்த்தார். "டீச்சரம்மாதேன்."

பலகை இல்லை, நிழற்குடை இல்லை. ஒரு புளியமரமும் இரண்டு கல்லும்தான். ஆனால் பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர், "டீச்சரம்மா, டீச்சரம்மா இறங்கு!" என்று கத்தினார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கத்துவாரோ. சிவப்புக் குடை அம்மாளை இங்கே கொண்டு வந்து நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. எனக்கும் ஒரு நப்பாசை வந்தது. ஒரு டீச்சருக்கு ஸ்டாப் இருக்கும்போது, ஒரு டிரைவருக்கு வளைவு இருக்கக் கூடாதா?

செல்லத்தாய் வீட்டில் அவள் இல்லை. அவள் கணவர் வாசலில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பெட்டிகளில் திராட்சையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "வாங்க, ஒக்காருங்க," என்று ஒரு கொத்தை நீட்டினார். "அவ வண்டியோட மேல போயிருக்கா. வெள்ளன ஆறு மணிக்குக் கம்பம் ஸ்டாண்டுல பிடிக்கலாம். யாரு வந்ததாச் சொல்ல?"

"கூடப் படிச்சவ வந்தான்னு சொல்லுங்க."

"பேரு?"

"சொன்னாத் தெரியும்," என்று மழுப்பினேன். நாற்பத்தெட்டு வயதாகியும் அந்தக் கோழைத்தனம் போகவில்லை. பேச்சை மாற்ற, "மலை ரோட்டுல இவ பேர்ல வளைவு ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இவ பேரு ரேஷன் கார்டுலதேன் இருக்கு."

மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கே ஸ்டாண்டில் நின்றேன். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள் வரிசையாக நின்றன. சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்ட பெண்கள், கையில் சோற்று வாளியும் மழைக்கு நீலப் பிளாஸ்டிக் தாளுமாக வந்துகொண்டே இருந்தார்கள். நாலாவது ஜீப்பின் பானட்டைத் திறந்துவைத்து, குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் செல்லத்தாய். காக்கிச் சட்டை. முடி பாதி நரைத்திருந்தது. முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பத்தடி தள்ளியே நின்றேன்.

அவள் நிமிராமலேயே பேசினாள். "கூடப் படிச்சவ வந்தான்னு எங்க வீட்டுக்காரக சொன்னாக. கூடப் படிச்சவ நாப்பது பேரு. பேரச் சொல்லாம ஓடுறவ ஒருத்திதேன்."

"செல்லத்தாயி..."

"மேல வர்றதுன்னா ஏறு. இங்கன நின்னு அழுகாத, சவாரி கெடும்."

முன் சீட்டில் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது.  துண்டைக் கையில் எடுத்து உட்காரப் போனேன்.

"அது ராசாத்தியக்காவுக்கு," என்றாள். "நீ பின்னால ஏறு."

பின்னால் பதினான்கு பேர். எனக்குக் கிடைத்தது அரைச் சீட்டு, மடியில் யாருடைய வாளியோ. முன்னால் ராசாத்தி அக்கா, அறுபதைத் தாண்டியவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறித் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வண்டி கிளம்பியது. என் பக்கத்தில் முருகாயி என்றொரு பெண், முப்பது வயதிருக்கும், வாய் ஓயவில்லை. நான் தோட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர வந்திருக்கிறேன் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டு, எந்தச் செடியடியில் அட்டை கடிக்கும், எந்த மேஸ்திரி நல்லவர் என்றெல்லாம் பாடம் எடுத்தாள்.

செல்லத்தாய் ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். தோளைக்கூட அசைக்காமல் வளைவுகளைத் திருப்பினாள். கீழே பள்ளத்தாக்கில் வயலும் தென்னையும் பந்தலும் பனிக்குள் கிடந்தன. இவள் பக்கத்தில் நான் இருந்திருக்க வேண்டும். இந்த மலையை இத்தனை வருஷமும் இவளோடு ஏறி இறங்கியிருக்க வேண்டும். கோயம்புத்தூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த அரைச் சீட்டில், முன்னால் தெரிந்த அந்தக் காக்கி முதுகுக்காக ஏங்கிப் போனேன்.

பாதி மலை தாண்டியிருப்போம். செல்லத்தாய் இரண்டு தடவை ஹாரன் அடித்தாள். பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தி, வாளியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, மேலே இருந்த கம்பியைப் பிடித்தார்கள். வண்டி செங்குத்தாக ஏறித் திரும்பியது. பதினான்கு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"பிடி மலரு! பிடி!"

 முருகாயியின் கையைப் பிடித்தேன். "என்ன கத்துனீங்க?"

"மலரு வளைவுக்கா இது. இங்கன வந்தா எல்லாரும் சொல்லணும், அதேன் வழக்கம்."

"மலருன்னா யாரு?"

"இந்த ரோட்டுல முத முத ஜீப்பு ஓட்டுன பொம்பள. இந்த எடத்துல வண்டி பின்னுக்கு உருண்டிருச்சாம். உள்ள இருந்தவுகெல்லாம் 'பிடி மலரு, பிடி'ன்னு கத்துனாகளாம். பிடிச்சு நிறுத்திட்டாக. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல."

"அவங்க இப்ப எங்க?"

"செத்துப் போனாக போலக்கா. இருந்தா ஒரு தடவையாச்சும் வந்திருக்க மாட்டாகளா?"

நான் வெளியே பார்த்தேன், போனை நீட்டி ஒரு படம் எடுத்தேன். ஒரு தடுப்புச் சுவர், மேலே ஒரு பாறை, காட்டுக் கொன்றை. அவ்வளவுதான்.

கம்பம்மெட்டில் கேரளம் ஆரம்பிக்கிறது. பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, செல்லத்தாய் எல்லையோரக் கடை ஒன்றில் வண்டியை நிறுத்தினாள். கடைக்காரர் மலையாளி. "சேச்சி, இன்னு கூட்டுண்டல்லோ," என்றார், இன்றைக்குத் துணை இருக்கிறதே என்று. அவள் எனக்கும் சேர்த்துப் புட்டும் கடலையும் பால் விடாத கட்டன் டீயும் சொன்னாள். ஆவி பறக்கும் புட்டு, காரமான கடலை. ஒரு வாய் வைத்ததும் நான் அழுதுவிட்டேன். காரம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

"லைசென்சு வாங்கி மூணாவது மாசம்," என்றாள் டம்ளரைப் பார்த்தபடி. "ஒத்தையில முத சவாரி. அந்த வளைவுல நின்னுருச்சு. எனக்கு ஒத்தையில ஓட்டிப் பழக்கமில்லடி. வண்டி பின்னுக்குப் போகுது, பின்னால பொம்பளைக அலறுறாக, நான் பக்கத்துச் சீட்டப் பாத்து, 'பிடி மலரு, பிடி மலரு'ன்னு கத்துறேன். அங்கன ஆரு இருக்கா? ராசாத்தியக்காதேன் குதிச்சு டயருக்குக் கல்லு வச்சாக. அதுல போனதுதேன் அவுக முட்டி. முன் சீட்டு அவுகளுக்குத்தேன்."

"முதல்ல ஓட்டுனது நான்னு சொல்லிக்கிறாங்களே. நீ ஏன் திருத்தல?"

"ஆரம்பத்துல திருத்துனேன். புதுசு புதுசா ஆளு வருது, அதுக அதுகளாக் கதை கட்டுதுக. அப்புறம் விட்டுட்டேன். எனக்கும் தெனம் ரெண்டு தடவ ஒன்னய வையணும்ல."

மன்னிப்புக் கேட்டேன். கோர்வையாக வரவில்லை. மாப்பிள்ளை வீடு, பட்டுச்சேலை, காப்பி எல்லாம் சொன்னேன். எனக்கே ஆசை வந்ததையும் சொன்னேன். அவள் புட்டைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ கல்யாணம் கட்டுனதுக்கா எனக்குக் கோவம்? நானுந்தேன் கட்டுனேன்," என்றாள். "அன்னைக்குப் பஸ்சுல ஒனக்குப் பைய போட்டு எடம் வச்சிருந்தேன். கோம்பையில ஏறல. உத்தமபாளையத்துல ஒங்க சித்தி வீட்டுல இருந்து ஏறுவன்னு பாத்தேன். சின்னமனூர்ல பாத்தேன். வயசான மனுசர் ஒருத்தர் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, எடம் குடு தாயின்னு கெஞ்சுறாரு. ஆளு வருதுன்னு சொல்லி வீரபாண்டி வரைக்கும் அவர நிக்க வச்சேன். வரலன்னு ஒரு வார்த்த சொல்லி விட்டிருந்தா அந்த மனுசருக்குக் குடுத்திருப்பேன். அதேன் இன்னைக்கும் ஆறல."

 இன்னொரு கட்டன் வந்தது. அதையும் அவள்தான் எனக்காகச் சொல்லியிருந்தாள்.

மூன்று மணிக்கு மேல் பெண்கள் திரும்பி ஏறினார்கள், உடம்பெல்லாம் ஏலக்காய் வாசனை. இறங்கும்போது நான் வாயைத் திறந்தேன். கதையைச் சரி செய்யாமல் ஊர் திரும்ப மனசில்லை. "முதன்முதலா இந்த ரோட்டுல ஓட்டுனது மலரு இல்ல. இதோ, உங்க செல்லத்தாய்தான். மலருங்கறவ அன்னைக்கு வண்டியிலேயே இல்ல. கூட வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போனவ."

ஜீப் முழுக்கச் சிரிப்பு. முருகாயி என் தொடையில் தட்டினாள். "வராதவ பேர எவளாச்சும் வைப்பாளாக்கா?"

"நெசமாத்தான் சொல்றேன். அந்த மலரு நான்தான்."

இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. யாரோ, "மேல காத்து ஒத்துக்கல போல, பாவம்," என்றார்கள். முருகாயி முன்னால் எட்டி, "நீங்க சொல்லுங்க ராசாத்தியக்கா," என்று பஞ்சாயத்துக்கு விட்டாள். ராசாத்தி அக்கா திரும்பி என்னை நெடுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"அது மலரு வளைவுதேன்," என்றார். "இனி மாத்துனா வாயில வராது."

செல்லத்தாய் கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு தடவை ஹாரன் அடித்தாள். எல்லோரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தேன், கண்மாய்க் கரையில் பிடித்த மாதிரி, வண்டி முழுக்கத் திரும்பி நேராகும் வரை.

கம்பத்தில் இறங்கியபோது உள்ளங்கை சிவந்து, இரும்பு வாசனை அடித்தது. செல்லத்தாய் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவள் என் கையைப் பார்த்துவிட்டாள். பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்புட்டு இறுக்கிப் பிடிக்க வேணாம்டி," என்றாள். "வண்டியில இப்ப நல்ல பிரேக்கு இருக்கு."

அவ்வளவுதான். மறுபடி வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. திராட்சை ஒரு பொட்டலம் என் பையில் திணித்துவிட்டு, வண்டியைக் கழுவப் போனாள்.

கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலையில் ஏறும்போது எடுத்த படத்தை நிலாவுக்கு அனுப்பினேன். கொஞ்சம் மங்கல்தான், தடுப்புச் சுவரும் பாறையும் தெரிந்தன. கீழே எழுதினேன்: "சிவப்புக் குடை அம்மாளிடம் சொல். இதன் பெயர் மலரு வளைவு. இங்கே முதன்முதலாக ஜீப் ஓட்டியவர் பெயர் செல்லத்தாய். இரண்டையும் சேர்த்து எழுதிக் குத்தி வைக்கச் சொல்." உடனே பதில் வந்தது: "அம்மா, மலருன்னா நீயா?"

என்ன எழுதுவது என்று யோசிப்பதற்குள் பஸ் நிரம்பிக்கொண்டு வந்தது. பக்கத்துச் சீட்டில் என் பையை வைத்திருந்தேன். கண்டக்டர் வந்து, "இங்கன ஆளு வர்றாகளா?" என்று கேட்டார்.

"வர்றாங்க," என்றேன்.

உத்தமபாளையத்தில் ஒருவர் கேட்டார். சின்னமனூரில் இரண்டு பேர் கேட்டு, முறைத்துவிட்டுப் பின்னால் போனார்கள். வீரபாண்டி வரைக்கும் பையை எடுக்கவில்லை.